பால் காய்ச்சாத வீட்டில் எட்டுத் தகடுகள்

ராசிங்காபுரத்தைத் தாண்டி தேவாரம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். மதியம் மூன்று மணி இருக்கும். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு போர்வை. திரும்பிப் பார்த்தால் வாழைத் தோட்டத்துக்கு நடுவில் வெள்ளையடிக்காத அந்த சிமெண்டு வீடு தெரிந்திருக்கும். அவள் அதற்குள்தான் இருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வேலை முடிந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அவளிடம் ஒன்பது மாதம் வேலை பார்த்தேன். இதெல்லாம் நடந்து நாலைந்து வருசம் ஆகிறது. பெயரைச் சொல்வதை அவள் விரும்பமாட்டாள், விட்டுவிடுகிறேன். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த ஒருவரின் அண்ணன் மகள். கடைக்கு மேலே இருந்த அறையில் செம்புத் தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். சென்னையில் ஏதோ ஒரு பெரிய படிப்பின் கடைசிப் பகுதி என்றார்கள். உதவித்தொகை முடிந்து, விடுதியைக் காலி செய்து, சாமான்களோடு சித்தப்பா கடைக்கு வந்துவிட்டாள்.

நான் அந்தக் கடைக்கு மூட்டை தூக்கப் போனவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். போர்வெல் லாரி, ஓட்டல், செங்கல் சூளை என்று சுற்றினேன். கடைசியாக மலையில் ஓர் ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரில் ஆறு வருசம் அடுப்புக்கு விறகு போட்டேன். புகையில் இருமல் பிடித்து ரத்தம் வந்தது. இறங்கிவிட்டேன்.

முதல் நாள் மேலே தண்ணீர்க் கேன் கொண்டுபோய் வைத்தேன். ஒரு கண்ணாடித் தட்டைப் பிடிக்கச் சொன்னாள். கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னாள். கழுவினேன்.

"எதுல கழுவுனீங்க?"

"சோப்புல."

"சோப்புக்கு முன்னால கையில என்ன இருந்துச்சு?"

"சாக்குத் தூசி."

"இப்ப தூசி போயிருச்சு. சோப்பு இருக்கு."

அந்தச் சோப்பும் போக வேறொன்றில் கழுவ வைத்தாள். அதற்கப்புறம் அந்த வேறொன்று இருக்கும் என்றாள். "சுத்தம்னு ஒண்ணு கெடையாதுண்ணே. என்ன ஒட்டியிருக்குன்னு தெரிஞ்சாப் போதும்." என்னைவிடப் பத்து வயது சின்னவள். முதல் நாளிலிருந்தே அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். நான் தாயி என்பேன்.

எதைப் பார்த்தாலும் அவளுக்கு அந்த ஒரே கேள்வி. அதுக்கு முன்னால அதுல என்ன இருந்துச்சு. கீழே டீக்கடையில் கழுவிக் கவிழ்த்த டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள். தண்ணீர் பரவி வழிந்தால் சரி. துளித் துளியாகத் திரண்டு நின்றால் ஏதோ பிசுக்கு இருக்கிறது, வேறு டம்ளர் கேட்பாள். டீக்கடைக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல், "டம்ளர்ல என்னாத்தா ஜோசியம் பாக்குறே? மாப்ள எந்தத் திசையில இருந்து வர்றாரு?" என்றார். "தெசை தெரியலண்ணே, இதுல முன்னால ஹார்லிக்ஸ் குடிச்சிருக்காரு" என்றாள். அவர் உள்ளே போய்ப் பையனைத் திட்டினார்.

கடையில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். பருத்த காய் ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், சக்கை ஒரு பக்கம். அவர்களில் மூத்தவள் சிலமலைக்காரி. வாய் ஓயாது. "நாங்க காயப் பொறுக்குறோம், மேல ஒருத்தி காத்தப் பொறுக்குறா" என்பாள். மேலே போகும் என்னிடம், "கழுவுனது போதும்னு சொல்லு அப்பு, செம்பு தேஞ்சு போயிரும்" என்பாள்.

அவள் செய்தது இதுதான். விரல் நீளச் செம்புத் தகட்டை மெருகேற்றி, ஆசிட்டில் முக்கி, ஸ்பிரிட்டில் அலசுவாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பாள். பரவினால் திருப்தி. மறுபடி அலசி, அரை மணி நேரம் கண்ணாடித் தட்டில் ஆறவிடுவாள். அதற்குள் மருந்தைக் கரைத்துவிடுவாள். மெழுகு மாதிரி வெள்ளையாக ஒரு பொருள். அந்தக் கரைசலில் தகடு ராத்திரி முழுக்கக் கிடக்கும். காலையில் எடுத்தால் பார்வைக்கு ஒன்றும் மாறியிருக்காது. ஆனால் தண்ணீர் விட்டால் சேம்பிலை மேல் விட்ட மாதிரி உருண்டு ஓடும். அவித்த முட்டையின் மஞ்சள் கருவோடு பாட்டிலில் மூடி வைத்தால் வெறும் தகடு கறுத்துப் போகும், இது கறுக்காது. செம்பின் மேல் ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்கு ஒரு தோல் விரித்திருக்கிறது என்றாள். ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. ஒரே அடுக்கு.

முதல்முறை அந்த மருந்துப் பாட்டிலைத் திறந்த அன்று கீழே காய் பொறுக்கிய பெண்கள் அத்தனை பேரும் தெருவுக்கு ஓடினார்கள். கேஸ் சிலிண்டர் ஒழுகுகிற வாடை. சித்தப்பா மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மாடிப்படியில் நின்று கத்தினார். அவள் சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "கேஸ் இல்ல சித்தப்பா, அதோட சொந்தக்காரன்" என்றாள். சிலமலைக்காரி மூக்கை மூடிக்கொண்டு, "எங்களுக்கு மூக்கு இருக்குத்தா. ஒனக்குத்தான் இல்ல" என்றாள்.

அது எப்படி ஒரே அடுக்காக நிற்கிறது என்று ஒருமுறை கேட்டேன். தகடுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"போடியில இருந்து மூணாறு போற காலி பஸ்சுல மொதல்ல ஏறுறவன் என்ன செய்வான்? மூணு பேரு சீட்டுல காலை நீட்டிப் படுப்பான். இதுவும் அப்படித்தான், மொதல்ல செம்பு மேல படுத்துக் கெடக்கும். கூட்டம் ஏற ஏறப் படுக்க முடியுமா? எந்திரிச்சு நிக்கணும். ஒரு கை கம்பியில. அந்தக் கைதான் செம்பைப் பிடிக்கிற முனை. ஒடம்பு அந்தரத்துல. வளைவு வந்தா எல்லாரும் ஒரே பக்கம் சாய்வாங்கல்ல, அப்படி அத்தனையும் ஒரே சாய்வுல நிக்கும்."

"கம்பிய இறுக்கிப் பிடிச்சா ஆடாம நிக்கலாமே."

"அங்கதான் தப்பு. ஏறுன எடத்துலயே இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நகர மாட்டேன்னு நின்னா நடுவுல சந்து விழும். லேசாப் பிடிச்சா எறங்கிப் போயிரும். பிடிச்சும் இருக்கணும், கொஞ்சம் நகந்தும் குடுக்கணும். ஒட்டுறதுக்கு ஒரு நிமிசம் போதும்ணே. ஒழுங்காகுறதுக்குத்தான் ராத்திரி முழுக்க வேணும்."

நான் நகர்வதை மட்டுமே செய்தவன். அதனால் எனக்கு இது புரிந்தது.

நாலு மாதத்தில் மூட்டை தூக்குவதிலிருந்து என்னை மேலே எடுத்துக்கொண்டாள். வேலை, பெட்டி கொண்டுபோவது. தகடுகளை ஒரு டப்பாவில் வைத்து என்னிடம் தருவாள். பஸ்சில் சென்னைக்குப் போய் அவள் படிப்புக்கு வழிகாட்டியாக இருந்த சாரிடம் கொடுக்க வேண்டும். அவர் தன் கருவியில் வைத்துப் பார்ப்பார். ஒருதரம் எனக்கும் திரையைக் காட்டினார். வரிசை வரிசையாகப் புள்ளிகள், நாற்று நட்ட வயல் மாதிரி. அங்கிருந்த மாணவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். செம்பின் மேல் இவ்வளவு ஒழுங்காக வருவதே இல்லையாம். காற்றுப் பட்ட நிமிசத்தில் செம்பு கெட ஆரம்பித்துவிடுமாம்.

அதிலிருந்துதான் சிக்கல். அதே மருந்து, அதே செம்பு, அதே அரை மணி. அவள் எழுதிக் கொடுத்தபடியே சென்னையில் செய்தார்கள். வரவில்லை. படம் திட்டுத் திட்டாக இருந்தது. அவளே போய் ஒரு வாரம் தங்கி, அங்கேயே தகடு வாங்கி, அங்கிருந்த பொருள்களை வைத்துச் செய்தாள். அவள் கையிலும் வரவில்லை. போடிக்குத் திரும்பி வந்து செய்தாள். வந்தது.

சென்னையில் சார் இருந்த இடத்தில் நிரந்தர வேலை ஒன்று காலியாக இருந்தது. இந்தத் தகடுகளை வைத்து அவள் எழுதிய கட்டுரைதான் அந்த வேலைக்கு அவளுடைய சாட்சி. ஆறு வருசத்து உழைப்பு. போடியில் மட்டும் வருகிற ஒன்றை யார் நம்புவார்கள்? யாரோ ஒருவன், ஊரில் உட்கார்ந்து தகட்டில் ஏதோ தில்லுமுல்லு செய்து அனுப்புகிறாள் என்று சொல்லியிருக்கிறான். அவள் அதைச் சோறு சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாள். குரலில் மாற்றம் ஒன்றும் இல்லை. சோற்றை மட்டும் பாதியில் வைத்துவிட்டாள்.

"வேற யாராச்சும் பொட்டியத் தொறந்தாங்களாண்ணே? பஸ்சுல?"

"நான் மடியிலதான் வச்சிருந்தேன். பக்கத்து சீட்டம்மா ஒண்ணு மட்டும் மோந்து பாத்துச்சு."

"மோந்தா?"

"ஆமா. திருச்சில ஏறுன அம்மா. 'ஏலக்காய் வாசம் தூக்குதே, எம்புட்டுக் கிலோ கொண்டு போறீக'ன்னு கேட்டுச்சு. 'செம்புத் தகடுங்க'ன்னேன். நம்பல. தொறந்து காமிக்கச் சொல்லுச்சு. காமிக்கல."

இது நடந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சிரிப்புக்கான விஷயம் என்று நினைத்து வைத்திருந்தேன், சொல்ல நேரம் வரவில்லை. அவள் எழுந்து டப்பாவை எடுத்து மூக்குக்கு அருகில் வைத்தாள். என்னிடம் நீட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அவள் அந்தக் கடைக்கு மேலே பிறந்து வளர்ந்தவள். நான் ஆறு வருசம் ஸ்டோரில் கிடந்தவன். போடியில் ஏலக்காய் மணக்கிறது என்று போடிக்காரர் யாரும் சொல்ல மாட்டார்.

"அரை மணி நேரம்" என்றாள். "ஏலக்காய்க் காத்துல ஆறப்போட்ட அந்த அரை மணி நேரம். அதுக்கு முன்னாலதான் தண்ணி விட்டுப் பாத்தேன். அதுக்கு அப்புறம் பாக்கல."

எல்லாரிடமும் கேட்ட கேள்வியை அந்த அரை மணி நேரத்திடம் மட்டும் அவள் கேட்கவில்லை. அதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

உறுதி செய்ய ஒரே வழி, ஏலக்காய் இல்லாத காற்றில் இங்கேயே செய்து பார்ப்பது. சென்னைக்கும் போடிக்கும் நூறு வித்தியாசம் இருக்கலாம், உப்புக்காத்து, தண்ணீர், வெயில். இந்தப் பக்கத்துக் காற்றிலேயே ஏலக்காயை மட்டும் கழிக்க வேண்டும் என்றாள். அப்போதுதான் தெரிந்தது, அப்படி ஓர் இடம் போடியில் இல்லை. கடைத்தெருவில் இல்லை. அவள் தோழி வீட்டில் மாடியில் காய் காயப்போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்து அறை ஒன்று கிடைத்தது, பக்கத்துச் சுவரில் ஏலக்காய் குடோன். மலைக்கு மேலே போவதைப் பற்றிப் பேச்சே இல்லை. இறங்கி வயக்காட்டுப் பக்கம் வந்தோம். சிலமலையில் ஒரு வீட்டு அறை பார்த்தோம், அந்த வீட்டம்மா வரவேற்று ஏலக்காய் டீ கொடுத்தார்.

ராசிங்காபுரத்தில் எனக்கு ஒரு கொத்தனாரைத் தெரியும். அவர் கட்டிக்கொண்டிருந்த வீடு பூச்சு முடிந்து காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் பால் காய்ச்சவில்லை. அடுப்பே மூட்டாத வீடு. சிமெண்டு வாசம் மட்டும்தான்.

கொத்தனார் சாவியைக் கொடுத்தார். "வெள்ளிக்கெழம பால் காய்ச்சுறாக. பாயசம் வைப்பாக. அதுக்குள்ள ஒங்க சோலிய முடிச்சிருங்க" என்றார். முட்டையைப் பார்த்ததும் முகம் மாறியது. "இது எதுக்கு மாப்ளே? பால் காய்ச்சாத வீட்ல மொதல்ல முட்டை அவிச்சா வீட்டுக்காரன் என்னைய இந்த அஸ்திவாரத்துலயே பொதைச்சிருவான்."

"அவிக்க மாட்டோம்ணே. அவிச்சுக் கொண்டாருவோம்" என்றாள்.

டீக்கடையில் முட்டை அவித்தோம். அவள் வாழைத்தோட்டத்துப் பம்புசெட்டில் குளித்து, தேவாரத்தில் வாங்கிய புதுச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். புதிய கண்ணாடித் தட்டு, பிரிக்காத மருந்துப் பாட்டில், எட்டுத் தகடுகள். என்னை வாசலைத் தாண்ட விடவில்லை. "ஒங்க பை ஏலக்காய்ச் சாக்குல தச்சதுண்ணே" என்றாள். இரண்டு நாள் நான் வெளியே வேப்பமரத்தடியில் இருந்தேன். தேவையானதைச் சன்னலுக்கு வெளியே ஒரு செங்கல் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன், அவள் வந்து எடுத்துக்கொள்வாள்.

மூன்றாம் நாள் காலை பாட்டில்களைச் சன்னலில் வரிசையாக வைத்தாள். எட்டும் கறுத்திருந்தன. அதே நாளில் போடி அறையில் அவள் முக்கி வைத்துவிட்டு வந்த தகடுகள், அவள் சொல்லி வைத்தபடி முட்டையோடு மூடி வைத்தும் பளபளவென்று இருப்பதாகச் சித்தப்பா போனில் சொன்னார்.

"செம்பு மேல ஏலக்காய் எண்ணெதான் மொதல்ல வந்து உக்காந்திருக்கு போல" என்றாள். "காத்தை அண்ட விடல. மருந்து வந்ததும் எந்திரிச்சு எடம் குடுத்திருக்கு. பசக்குனு ஒட்டாத சாமான், லேசாத்தான் இருந்திருக்கும்."

"துண்டு போட்டு எடம் பிடிச்ச மாதிரி" என்றேன்.

என்னைப் பார்த்தாள். "ஆமாண்ணே. அதேதான். நான் பஸ்சைப் பத்தி இம்புட்டுப் பேசுனேன், துண்டை மறந்துட்டேன்."

பத்து மணிக்கு சாருக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டுச் சன்னல் திண்டில் வைத்திருந்தாள், எனக்கும் கேட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரிம்மா. அறைக் காத்துல அரை மணி வச்சேன்னு எழுது. அது உண்மைதானே? ஏலக்காய இழுக்காத. தேர்வுக் குழு திங்கக்கெழம உக்காருது" என்றார்.

"அதுக்கு முன்னால அந்தக் காத்துல என்ன இருந்துச்சுன்னு கேட்டா சார்?"

"யாரு கேக்கப் போறா?"

அவள் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "சுத்தமான செம்புன்னு எழுதியிருக்கேன் சார். அது சுத்தமான செம்பு இல்ல. என்ன ஒட்டியிருந்துச்சுன்னு எனக்கு இன்னும் முழுசாத் தெரியாது. தெரியாம இருக்கிற வரைக்கும் அந்தக் கட்டுரை என்னோடது இல்ல."

"வாபஸ் வாங்குனா இந்த வேலை ஒனக்கு வராதும்மா. அடுத்தது எப்ப வரும்னு எனக்குத் தெரியாது."

"தெரியும் சார்."

கட்டுரையை வாபஸ் வாங்கும் கடிதத்தைப் போனிலேயே எழுதினாள். ஒரு விரலால் எழுதியதால் மதியம் தாண்டிவிட்டது. எழுதியதை எனக்கு ஒருமுறை தமிழில் சொன்னாள், ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டாள். பஸ்சில் மோந்து பார்த்த அம்மாவையும் அதில் சேர்த்திருந்தாள். அந்த அம்மா திருச்சியில் ஏறியது என்று நான் உறுதியாகச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றேன். அனுப்பினாள்.

பிறகு வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. ஆசிட் ஆவியாகவும் இருக்கலாம். "இனிமே சென்னைக்குப் பொட்டி இல்லண்ணே" என்றாள். "நீங்க இருக்கணும்னா சித்தப்பா கீழ சோலி குடுப்பாரு."

"இருக்கட்டும் தாயி."

"எங்க போவீங்க?"

"தேவாரம் பக்கம்."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

அவள் தலையாட்டினாள். அவள் இடத்தில் வேறு யாராவது இருந்தால் இன்னும் கொஞ்சம் இருக்கச் சொல்லியிருப்பார்கள், நானும் சங்கடப்பட்டிருப்பேன். கறுத்த தகடுகளைத் துணியில் சுற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். நான் பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன்.

அன்று தேவாரம் பஸ் நிறுத்தத்தில் படுத்தேன். மறுநாள் காலை மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பில் வேலை கிடைத்தது. யானை வந்து சோலார் வேலியைச் சாய்த்துப் போட்டிருந்தது. கம்பியை நிமிர்த்தி இழுத்து, இணைப்புகளில் ஏறிய துருவை அரத்தால் தேய்த்து முறுக்க வேண்டும். மூன்றாவது இணைப்பில் இருக்கும்போது அவள் சித்தப்பா போன் செய்தார்.

"அவ வீட்டுக்கு வரல. அந்த வீட்லயே கெடக்கா. வேலை கெடைக்காதுன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டு, ஒரு கிலோ ஏலக்காய் குடுத்து விடுங்கங்கிறா. ஏலக்காய் இல்லாத எடம்னு தேடிப் போனவளுக்கு எதுக்குய்யா ஏலக்காய்? சரி, எட்டு மில்லி பருத்த காயாத் தர்றேன்னேன். வேணாமாம். சக்கையே போதுமாம், வாசம் இருந்தாச் சரியாம். மூடி போட்ட டப்பாவுல கொண்டாந்து வாசல்ல வச்சிட்டுத் தள்ளிப் போயிரணுமாம். நீ வந்து எடுத்துக்கிட்டுப் போறியா?"

"நான் சோலியில இருக்கேன் மொதலாளி."

"அதுக்குள்ளயா?"

"ஆமா."

"அப்ப வேற ஆளுக்கு வழி சொல்லு."

சொன்னேன். ராசிங்காபுரம் தாண்டி இடது பக்கம் வாழைத் தோட்டம், நடுவில் வெள்ளையடிக்காத வீடு. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள், அதற்குள் அந்த வீட்டில் ஏலக்காய்க் காற்றில் ஆறி ஒரு ராத்திரியாவது தகடு ஊற வேண்டும், இன்றைக்கே வெரசாகக் கொடுத்துவிடச் சொன்னேன். அவர் சரி என்றார். போனைப் பையில் போட்டுவிட்டு நாலாவது இணைப்பைத் தேய்க்க ஆரம்பித்தேன்.